எங்கள் ஊசல் நிஜமாகவே ஆடியது: கடலூர் ஆய்வகத்தில் ஃபைஃபாக்ஸ் செயலி

இயற்பியல் ஆய்வகங்களில் ஒரு பழைய நோய் உண்டு. ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது மாணவருக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். எனவே 9.8-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுவார். இருபது அலைவுக்கு எத்தனை வினாடி ஆகியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து அதை ரீடிங் கட்டத்தில் எழுதிவிடுவார். இயல்பாகத் தெரியட்டும் என்று ஒன்றிரண்டு எண்களைச் சற்றே மாற்றுவார். ரெக்கார்ட் நோட்டு அழகாக இருக்கும். ஊசல் மட்டும் ஆடியிருக்காது.

மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பில் 28 பேர், ஓடுகிற ஸ்டாப் வாட்ச் ஐந்து. மூன்று மணி நேர பிராக்டிகலில் கடைசி பெஞ்சுக்குக் கடிகாரம் போய்ச் சேரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை என்று மூன்று திசைகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள். ஒரு பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். கையில் கருவி இல்லாதவர் கணக்கை நம்பித்தானே ஆக வேண்டும்?

கடலூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இளநிலை இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். இந்தக் காலத்தில் கற்பித்தலுக்கு உதவும் தொழில்நுட்பம் என்ற பெயரில் எங்கள் வகுப்பறைகளுக்குள் பலவும் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் நான் ஒரே ஒரு தராசில்தான் நிறுக்கிறேன்: மாணவர் கை ஒரு புதிய எண்ணைத் தொட்டதா, இல்லையா? ஃபைஃபாக்ஸ் செயலியை மூன்று கல்வியாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அந்தத் தராசில் அது நின்றது. எங்கெல்லாம் நிற்கவில்லை என்பதையும் கீழே எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரிகளில் பணிபுரியும் சக ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுவதால் சிறு சிறு செய்முறைகளையும் விடாமல் சொல்கிறேன்.

முதலில் செயலி என்ன என்பது. ஜெர்மனியின் ஆகென் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் இல்லை, நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. கைபேசிக்குள் ஏற்கெனவே பல உணரிகள் இருக்கின்றன. திரையைத் திருப்புவதற்கென்று ஒரு முடுக்கமானி, திசைகாட்டிக்கென்று ஒரு காந்தமானி, பேசுவதற்கென்று ஒரு மைக். இவை தரும் எண்களை அப்படியே எடுத்து வரைபடமாகக் காட்டுவதும், எக்செல் கோப்பாகத் தருவதும்தான் இதன் வேலை. இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஆய்வகம் இருக்கும் தரைத்தளத்தில் சிக்னல் வருவது அபூர்வம்.

இதை எனக்குக் காட்டியவள் புதுச்சேரியில் ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழி. அது ஊரடங்குக்குப் பிறகு வந்த காலம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. அந்த டேட்டா வழியாக நான் பிள்ளைகளுக்கு அனுப்பியது எதை என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆளில்லாத ஆய்வகத்தில் நான் மட்டும் நின்று செய்த சோதனைகளின் வீடியோக்களை அனுப்பினேன். "பார்த்துவிட்டோம் மேடம்" என்று எல்லோரும் பதில் போட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் செய்ததை அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அந்த வருத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து தன் கைபேசியில் ஏதோ தட்டி, அதை ஊஞ்சல் பலகையில் வைத்து மெல்லத் தள்ளிவிட்டாள். சிறிது நேரம் கழித்து எடுத்து நீட்டினாள். திரையில் ஓர் அழகான சைன் வளைவு. ஓர் அலைவுக்கு 2.8 வினாடி. ஊஞ்சல் சங்கிலியின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இத்தனை ஆண்டு கரும்பலகையில் நான் கையால் வரைந்த வளைவை அவள் வீட்டு ஊஞ்சல் தானே வரைந்துவிட்டது. கடலூர் பஸ்ஸில் திரும்பும்போதே செயலியை இறக்கிக்கொண்டேன்.

கல்லூரியில் கைபேசிக்குத் தடை உண்டு. ஆய்வக நேரத்துக்கு மட்டும் அனுமதி கேட்டேன், கிடைத்தது. நாங்களாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். உள்ளே வரும்போதே கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். அழைப்பும் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும், செயலி மட்டும் ஓடும். இந்த ஒன்றே பாதிச் சச்சரவைத் தீர்த்துவிட்டது.

முதல் வாரம் தனி ஊசல். குண்டுக்குப் பதில் கைபேசியையே ஒரு சிறு துணிப்பையில் போட்டு, மேலிருந்து இரண்டு நூலில் தொங்கவிட்டோம். ஒரே நூல் என்றால் பை சுழலும். செயலியில் 'நேரம் குறித்த ஓட்டம்' என்ற வசதி உண்டு. ஐந்து வினாடி கழித்துத் தொடங்கி முப்பது வினாடி பதிவு செய்துவிட்டு நின்றுகொள் என்று சொல்லிவிடலாம். கையால் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் வரும் பிழை போய்விடுகிறது.

ஆறு குழுக்கள் செய்தன. ஐந்து குழுக்களுக்கு 9.6-க்கும் 9.9-க்கும் இடையில் வந்தது. ஆறாவது குழுவுக்கு 8.8. பழைய நாளாக இருந்தால் அந்த 8.8 என் கண்ணுக்கே வந்திருக்காது. அடித்துவிட்டு 9.7 என்று எழுதியிருப்பார்கள். இப்போது எண் கைபேசியில் உட்கார்ந்திருக்கிறது, அழிக்க முடியாது. "மேடம், போன் தப்பு" என்றான் ஒரு மாணவன். வேறு குழுவின் கைபேசியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் 8.8. பிறகு நூலின் மேல் நுனியிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று அவர்களே ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். கைபேசியின் மேல் விளிம்பு வரை 72 சென்டிமீட்டர் அளந்திருந்தார்கள். கைபேசியின் நீளம் 16. நடுப்புள்ளி வரை அளந்தால் 80. எண்ணைத் திருத்திப் போட்டதும் 9.78 வந்தது. அந்தக் குழு எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

புவியீர்ப்பு மையம் என்பதை நான் பத்து முறை விளக்கியிருக்கிறேன். அந்த எட்டு சென்டிமீட்டர் விளக்கிய அளவுக்கு என் வாய் ஒருநாளும் விளக்கியதில்லை.

அங்கேயே இன்னொரு கேள்வியும் வந்தது. "ஏன் மேடம் 9.78? புத்தகத்தில் 9.81 என்றும் இருக்கிறதே?" முப்பது வினாடிப் பதிவில் எங்கள் பிழை வரம்பு அந்த வித்தியாசத்தைவிடப் பெரியது. எனவே எங்கள் எண் எதையும் நிரூபிக்காது என்று முதலில் சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. பூமி நடுவில் சற்றுப் பருத்துச் சுழல்வதால் புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஓர் ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் குறுக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. கடலூர் ஏறத்தாழ 11.7 பாகை வடக்கில் இருக்கிறது. இந்த அகலாங்குக்குரிய மதிப்பு 9.782. எங்கள் பிள்ளைகள் இத்தனை நாள் ரெக்கார்டில் எழுதி வந்த 9.81 ஐரோப்பாவின் எண். அடுத்த வாரம் ஐந்து வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரம் எடுத்து, அதன் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைந்தோம். சாய்விலிருந்து 9.77 கிடைத்தது. அந்த வரைபடத்தாளை ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு குறை இங்கேயே சொல்ல வேண்டும். செயலியில் 'ஊசல்' என்றே ஒரு தயார்ச் சோதனை இருக்கிறது. நீளத்தைக் கொடுத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தை அதுவே கணக்கிட்டு எழுதிவிடும். கல்லூரியில் அதைத் திறக்கவே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விடையைக் கருவி சொல்லிவிட்டால் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம். கைபேசி சுழலும் வேகத்தை அளக்கும் சுழல்மானியின் வெறும் எண்களை எடுத்து, உச்சிகளை எண்ணி, அலைவு நேரத்தை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். சுழல்மானி இல்லாத கைபேசியில் முடுக்கமானி போதும். ஆனால் நூல் வழியிலான முடுக்கம் ஓர் அலைவுக்கு இரண்டு முறை உச்சிக்குப் போகும் என்பதை மறந்தால் அலைவு நேரம் பாதியாகிவிடும். மறந்தார்கள். பிறகு கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது ஒலி. மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகப் பிடித்த பாடமாக இது ஆகிவிட்டது.

செயலியில் ஒலியைக் கேட்டுத் தொடங்கி, அடுத்த ஒலியில் நிற்கும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு கைபேசிகளைப் பத்து மீட்டர் இடைவெளியில் தரையில் வைக்க வேண்டும். முதல் கைபேசியின் அருகில் நிற்பவர் ஒருமுறை கை தட்டுவார். அருகிலுள்ள கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். தூரத்துக் கடிகாரம் ஒலி வந்து சேர்ந்த பிறகே தொடங்கும். பிறகு அந்த முனையில் இருப்பவர் தட்டுவார். இப்போது அந்தக் கடிகாரம் முதலில் நிற்கும், இந்தக் கடிகாரம் தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தின் வித்தியாசம் என்பது ஒலி இருபது மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம். இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போகச் செய்யத் தேவையே இல்லை. எவ்வளவு எளிய, நேர்த்தியான யோசனை!

எங்களுக்குக் கிடைத்தவை 0.058, 0.057, 0.056 வினாடிகள். வகுத்தால் நொடிக்கு 345, 351, 357 மீட்டர். பள்ளியில் 332 என்றும், வேறு நூலில் 343 என்றும் படித்திருந்தார்கள். முதலாவது பூஜ்ய பாகை செல்சியஸில், இரண்டாவது இருபது பாகையில். அன்றைக்குத் தாழ்வாரத்தில் வெப்பமானி 32 காட்டியது. ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும் என்று போட்டால் 351 வருகிறது. கடலூர் வெயில் முதன்முறையாக எங்கள் கணக்குக்குள் வந்தது.

அந்த வகுப்பில் தாழங்குடாவிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு மாணவி இருந்தாள். முதல் செமஸ்டரில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. எதிரொலியைக் கொண்டு சுவரின் தூரத்தை அளக்கும் சோனார் சோதனையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி திரும்ப 11 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அவள் கையைத் தூக்கினாள். "மேடம், அப்பா படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. அது இருபது பாகம் ஆழத்தைக் காட்டும். அதில் ஒலி தண்ணீருக்குள்ளே அல்லவா போகிறது? அங்கேயும் இதே வேகத்தைத்தான் போட்டிருப்பார்களா?"

பாகம் என்பது கைகள் இரண்டையும் விரித்தால் வரும் நீளம். கடல் ஆழத்தை மீனவர்கள் அந்த அளவில்தான் சொல்வார்கள். இருபது பாகம் என்றால் ஏறத்தாழ 36 மீட்டர். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். போய்வர 72 மீட்டர் என்றால் 48 மில்லி வினாடி. காற்றில் ஒலி போகும் வேகத்தைப் போட்டிருந்தால் கருவி எவ்வளவு ஆழம் காட்டும் என்று அவளையே கேட்டேன். கரும்பலகைக்கு வந்து போட்டாள். எட்டரை மீட்டருக்கும் கீழே வந்தது. "ஐந்து பாகம்கூட இல்லை மேடம். அப்பா அதை நம்பி வலை இறக்கினால் வலை அடியைத் தொடவே தொடாது" என்றாள்.

அன்று முழு வகுப்பும் அவளைச் சுற்றித்தான் நின்றது. ஒரே ஆழத்துக்குச் சில நாள் கருவி வேறு எண் காட்டுவது ஏன் என்று ஒருவன் கேட்டான். நீரின் வெப்பமும் உப்பும் மாறினால் வேகமும் மாறும் என்று நான் சொல்ல, "மழைக்காலத்தில் கெடிலம் ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்குமே" என்று அவள் தொடர்ந்தாள். பாடத்திட்டத்தில் அன்றைய தலைப்பு வேறு. முடிக்க முடியவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

அவளுடைய கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதை எட்டு மாதம் சேர்த்து வாங்கியது அந்தக் கைபேசி. சோதனைக்குத் தரும்போது அதைத் துப்பட்டாவில் துடைத்துத் தருவாள். இதைக் கண்ட பிறகு கைபேசியை நூலில் கட்டித் தொங்கவிடும் எந்தச் சோதனைக்கும் கீழே பழைய தலையணை ஒன்றைப் போட வேண்டும் என்று விதி வைத்துவிட்டேன். தலையணை என் வீட்டிலிருந்து வந்தது.

வட்ட இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகச் சுழல் நாற்காலியில் ஒரு பலகையைக் கட்டி, அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிக் கைபேசியை ஒட்டிச் சுற்றினோம். முடுக்கத்தைக் கோண வேகத்தின் இருமடிக்கு எதிராகச் செயலி வரைந்துகொண்டே வரும். புள்ளிகள் நேர்கோட்டில் விழும், சாய்வு ஆரத்தைத் தரும். எங்களுக்கு 0.58 வந்தது. இரண்டு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தேடினால், உணரி கைபேசியின் நடுவில் இல்லை, ஓர் ஓரமாக இருக்கிறது. நன்றாக நடக்கும் சோதனை. சுழல்மானி உள்ள கைபேசி மட்டும் வேண்டும்.

காந்தப்புலம் சொல்லும் கதை வேறு. ஆய்வகத்துக்குள் அளந்தபோது ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வோர் எண். இரும்பு மேசை, இரும்பு பீரோ, தரைக்குள் கம்பி. ஒரு கைபேசி 300 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காட்டியது. மூடியில் காந்தப் பொத்தான் வைத்த உறை. உறைகளையெல்லாம் கழற்றச் சொல்லி, கல்லூரிக்குப் பின்னால் சவுக்கு மரங்கள் நிற்கும் மணல்வெளிக்கு எல்லோரையும் அழைத்துப் போனேன். காற்றில் எட்டு எழுதுவதுபோல் கைபேசியை அசைத்துக் காந்தமானியைச் சீர்செய்த பிறகு, எல்லாத் திரைகளும் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி வந்து நின்றன. கைபேசியைத் தரையில் படுக்கவைத்தால் செங்குத்துக் கூறு மிகச் சிறியது. காந்த நிலநடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போவதால் நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ படுத்தே கிடக்கிறது. இந்தச் செயலி பிறந்த ஜெர்மனியில் அது தரைக்குள் குத்திட்டு இறங்கும். அங்கே எடுத்த விளக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் எண்கள் பொருந்தவில்லை என்று குழம்பக்கூடும். ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இனி, கசப்பான பக்கம்.

செயலி இலவசம், உணரிகள் இலவசம் அல்ல. சென்ற ஆண்டு என் வகுப்பில் கணக்கெடுத்தேன். 28 பேரில் சொந்தக் கைபேசி உள்ளவர்கள் 24. காந்தமானி உள்ளவை 17. சுழல்மானி உள்ளவை 13. காற்றழுத்தமானி உள்ளது ஒன்றுகூட இல்லை. கைபேசியே இல்லாத நால்வரும் வகுப்பில் பின்வரிசைக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. அதனால் குழுக்களைக் கைபேசியை வைத்து நான் பிரிக்கவில்லை. ஒரு குழுவுக்கு ஒரு கைபேசி. அதை இயக்குபவர் கைபேசிக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. இந்த விதியைச் சொன்ன நாளில் முணுமுணுப்பு எழுந்தது. இப்போது பழகிவிட்டது. கைபேசியில்லாத மாணவன் ஒருவன்தான் சென்ற செமஸ்டரில் எக்செல் வரைபடங்களை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தான்.

ஒலிச் சோதனைகளுக்கு மின்விசிறி எதிரி. கடற்காற்றும் எதிரி. மைக்கில் காற்று மோதினாலே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் தொடங்க வேண்டும் என்ற தூண்டல் அளவைச் சற்று உயர்த்திவைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு 28 பேரை உட்காரவைப்பது எளிதல்ல. நாங்கள் ஒலியைக் காலை முதல் மணிக்கு மாற்றிக்கொண்டோம்.

மொழி இன்னொரு தடை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள் என் வகுப்பில் பாதிக்கு மேல். ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்ததும் தயங்குவார்கள். செயலிக்குச் சொந்தமான இணையவழித் தொகுப்பானில் நாமே சோதனைகளை உருவாக்கலாம், க்யூஆர் குறியீடாகப் பகிரலாம் என்பதை அறிந்தபோது எனக்குப் பெரும் நிம்மதி. ஒரு விடுமுறை முழுதும் செலவழித்து, ஊசல், ஒலி, காந்தப்புலம் மூன்றுக்கும் தமிழில் தலைப்பும் குறிப்பும் எழுதிச் செய்தேன். குறியீடுகளை அச்சிட்டு மேசைகளில் ஒட்டியிருக்கிறோம். முடுக்கம் என்று தமிழில் படித்துவிட்டு உள்ளே போகும் பிள்ளை, அடுத்த திரையில் ஆங்கிலம் வந்தாலும் பயப்படுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தேர்வு. செமஸ்டர் பிராக்டிகலில் ஸ்டாப் வாட்ச்தான். கைபேசி உள்ளே வராது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித்தேர்வாளராக வந்த ஓர் ஆசிரியர், ரெக்கார்டில் இருந்த 9.64 என்ற விடையைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். பக்கத்து மாணவனின் 9.80-க்கு முழு மதிப்பெண். முதலாவது நேர்மையாக அளந்த எண் என்று நான் எடுத்துச் சொன்னேன், ஏற்கப்படவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிழையோடு கூடிய உண்மையான அளவுக்கு மதிப்பெண் தராத தேர்வுமுறை இருக்கும்வரை, எந்தக் கருவியும் மாணவரைப் பாதி தூரம்தான் அழைத்துப்போகும். துறைக்குள் நடக்கும் அகமதிப்பீட்டில் மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டோம். விடைக்கு மதிப்பெண் குறைவு. பிழை எங்கிருந்து வந்தது என்று எழுதும் அரைப் பக்கத்துக்கு அதிகம்.

வேறு கருவிகளோடு ஒப்பிடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். தொடுதிரைப் பலகை ஒன்று எங்களிடம் இருக்கிறது. நல்ல படம் காட்டும். ஆனால் அதைத் தொடுவது நான் மட்டும். இணையவழி வினாடி வினா வைத்துப் பார்த்தேன். மறதியைக் கண்டுபிடிக்க உதவுகிறது, அந்த அளவில் நல்லது. ஃபைஃபாக்ஸில் உள்ள தொலை இணைப்பு வசதி அந்தத் தொடுதிரைப் பலகையைப் பயனுள்ளதாக ஆக்கிவிட்டது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, செயலி காட்டும் முகவரியை உலாவியில் தட்டினால், கைபேசியில் ஓடும் வரைபடம் அப்படியே பெரிய திரையில் ஓடும். இணையம் வேண்டியதில்லை. ஊசலில் தொங்கும் கைபேசியைத் தொடாமலே தொடங்கலாம், நிறுத்தலாம். எங்கள் தொடுதிரைப் பலகை உருப்படியாகப் பயன்பட்டது அந்த நாளிலிருந்துதான்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். எல்லாச் சோதனைகளையும் ஒரே செமஸ்டரில் இறக்க வேண்டாம். செயலியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, ஆசை வரும். நான் முதல் ஆண்டில் ஊசலையும் ஒலியையும் மட்டுமே செய்தேன். ஒவ்வொன்றையும் வீட்டில் நான்கைந்து முறை தனியாகச் செய்து, எங்கே தவறும் என்று குறித்துவைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். ஆய்வக உதவியாளரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசிக்கு இரண்டு நூல் கட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தது எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான்.

காற்றழுத்தமானி உள்ள கைபேசி வகுப்பில் இல்லை என்றேன் அல்லவா? சென்ற டிசம்பரில் புதுச்சேரியில் பழைய கைபேசி விற்கும் கடை ஒன்றில், செயலியை இறக்கிச் சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றை 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். திரையில் ஒரு கீறல், வேறு குறையில்லை. படிக்கட்டில் ஒரு மாடி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.4 ஹெக்டோபாஸ்கல் குறைவதை அது தெளிவாகக் காட்டுகிறது. அதோடு நிறுத்தியிருப்பேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மூன்று மாணவிகள் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அவர்கள் சின்னக் குழந்தைகள். வீட்டுக்கூரை போனதை மட்டும் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். புயல் வரும்முன் அழுத்தம் எப்படி இறங்கும் என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

புயல் வரவில்லை. தை மாதத்துத் தெளிந்த வானம். ஆனாலும் மணிக்கு ஒருமுறை, ஆள் மாற்றி ஆள் விழித்திருந்து, மூன்று இரவு மூன்று பகல் குறித்தார்கள். நான்காம் நாள் நோட்டை என்னிடம் நீட்டி, "கருவி பழுது மேடம்" என்றார்கள். வானம் மாறவேயில்லை, ஆனால் அழுத்தம் தினமும் காலை பத்து மணிக்கு ஏறி, மாலை நான்குக்கு இறங்கி, மறுபடி இரவு பத்துக்கு ஏறி, விடியற்காலை நான்குக்கு இறங்கியிருக்கிறது. மூன்று நாளும் அப்படியே.

கருவி பழுதில்லை. சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுதுமே நாளுக்கு இருமுறை பொங்கி வடிகிறது. நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் அது மிகத் தெளிவாகத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டு பாடம் நடத்திய நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அந்த நோட்டில்தான். மாணவிகளில் ஒருத்தி, கடல் ஓதம் ஏறுவதும் வடிவதும் இதே நேரத்திலா என்று கேட்டாள். அதற்காகத் தாழங்குடா மாணவியின் அப்பாவிடம் ஒரு வாரத்து ஓத நேரங்களைக் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.